அடுத்தவர் அட்டை

எங்கள் சலவைக்கடையில் வேலை செய்கிற யாருக்கும் சட்டைப்பை கிடையாது. இருந்த பைகளையும் நான்தான் தைத்து மூடினேன். துணியோடு வந்த பொருள் ஏதாவது காணாமல் போனால் ஆட்கள் முதலில் எங்கள் பையைத்தான் பார்ப்பார்கள், பையே இல்லாவிட்டால் பேச்சே இல்லை என்பது முதலாளியம்மாவின் கணக்கு. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் அவர்களுடைய சட்டை என் கைக்கு வரும். மூன்று பக்கம் தைத்திருக்கும் பைக்கு நாலாவது பக்கமும் ஒரு தையல் ஓட்டிக் கொடுப்பேன்.

முதலாளியம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் கஞ்சி. துணிக்குப் போட்டது போக மீதியை முகத்துக்குப் போட்டுக்கொண்டு வருவார் என்று அண்ணன் சொல்வான்.

அண்ணனும் அதே கடையில்தான் இருந்தான். காலையில் இஸ்திரி, பத்து மணிக்கு மேல் வீடு வீடாகப் போய்த் துணி கொடுப்பது. நான் எட்டாவதோடு நின்றவள். பொத்தான் தைப்பேன், கிழிசல் தைப்பேன், சலவைக்குறி போடுவேன். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கழுத்துப்பட்டிக்கு உள்ளே சிவப்பு நூலால் தைத்துவிட்டால் எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. இந்த வேலையில் வாயைத் திறக்கவேண்டிய அவசியம் இல்லை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. கடையில் என்னை ஊமைக்கோட்டான் என்பார்கள். அண்ணனை வக்கீல் என்பார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் பங்கு வைத்துக் கொடுத்த வாயை அவன் ஒருவனே எடுத்துக்கொண்டான் என்று அம்மா சொல்வாள்.

அந்த மாதம் அவன் பேருந்து ஓட்டுநர் தேர்வில் பாஸாகியிருந்தான். பணிமனையிலிருந்து கடிதமும் வந்துவிட்டது. போலீஸ் விசாரணை அறிக்கை ஒன்றுதான் பாக்கி. ஸ்டேஷனில் அவன் பெயரில் ஒரு வரி ஏதாவது இருந்தால் வேலை கிடையாது என்று கடிதத்திலேயே போட்டிருந்தது. அந்த வேலைக்காக அவன் இரண்டு வருடம் படித்தான். இருநூறு கேள்வி பதில் கொண்ட ஒரு புத்தகத்தை, இஸ்திரிப் பெட்டி சூடாகிற இடைவெளியில் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பிப்பான். முப்பத்தெட்டாவது கேள்வி எனக்கே மனப்பாடம். ‘வாகனம் ஓட்டாத ஒருவர் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டுமா?’ பதில்: ‘கட்டாயம் இல்லை. அதிகாரி கேட்டால் பெயரும் முகவரியும் உண்மையாகச் சொன்னால் போதும்.’

புதன்கிழமை பதினொன்றரை மணிக்குக் கடையின் தொலைபேசி அடித்தது. கஞ்சி எடுத்தார். ஆமாம், இல்லை, எனக்குத் தெரியாது என்று மாறி மாறிச் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு என்னிடம் வந்து, அண்ணனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்களாம், அவன் துணி மூட்டையில் அடுத்தவர் அடையாள அட்டை இரண்டு இருந்ததாம் என்றார். எனக்குக் கையில் இருந்த ஊசி விரலில் ஏறிவிட்டது.

அந்த இரண்டு அட்டைகளையும் கொடுத்து அனுப்பியவள் நான்தான்.

துணியில் எது கிடைத்தாலும் ஓர் உறையில் போட்டு, அந்தத் துணியோடேயே ஊக்கு குத்தி அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். பத்து நாளைக்கு முன்னால் ஒரு ஊக்கு துருப்பிடித்து, பல் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. அவர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனதும் இனிமேல் ஊக்கே கூடாது என்று கஞ்சி சொல்லிவிட்டார். அதனால் அன்றைக்குப் பேராசிரியர் ஒருவரின் கால்சட்டையிலும் அதே டாக்டரம்மாவின் கோட்டிலும் கிடைத்த அட்டைகளை ஒரே உறையில் போட்டேன். மேலே 47, 112 என்று எழுதினேன். எது யாருடையது என்று அண்ணனிடம் வாயால் சொன்னேன். வாயால் சொன்னதற்கு எங்கே சாட்சி?

“நீ போய்ச் சொல்லிக்கோ,” என்றார் கஞ்சி. “கடை பேர் மட்டும் வரக்கூடாது.”

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா...” என்று ஆரம்பித்தேன்.

“நான் சொன்னா நாளைக்கு ஒருத்தன் துணி போடமாட்டான். போய்ட்டு வா.”

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டேன். அதற்கு மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு ஓடினேன். அட்டைகளை எல்லாம் அம்மா கட்டிலுக்கடியில் தகரப்பெட்டியில் பூட்டி வைத்திருப்பாள். அப்பா ஒருமுறை தொலைத்துவிட்டு, புதிதாக வாங்க எட்டு மாதம் அலைந்ததிலிருந்து யார் கையிலும் கொடுக்கமாட்டாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை அவளுக்கு. ஒரு மணிக்கு ஷிப்ட். கிளம்பிக்கொண்டிருந்தவள் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். வேலியில போற ஓணானை மடியில விட்டுக்கிட்டது யாரு, இவன் சும்மா இருந்திருக்க மாட்டான், சட்டம் பேசியிருப்பான் என்றாள்.

அவள் சொன்னது சரிதான். நடந்ததை அண்ணன் பிறகு சொன்னான். சந்து முனையில் இரண்டு காவலர்கள் நிறுத்தி அட்டை கேட்டார்கள். இவன் பெயரும் முகவரியும் சொன்னான். அட்டை எங்கே என்றார்கள். வீட்டில் இருக்கிறது, வைத்துக்கொண்டு நடக்கவேண்டும் என்று சட்டம் இல்லை என்றான். கேள்வி எண்ணையும் சொல்லியிருக்கிறான். அதில் ஒல்லியான காவலர் இவன் சட்டையைத் தொட்டுப் பார்த்து, பையை ஏன் தைத்து மூடியிருக்கிறாய், உள்ளே என்ன ஒளித்திருக்கிறாய் என்று கேட்டார். அந்த இடத்திலேயே தையலைப் பிரித்தார். உள்ளே ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் துணி மூட்டையைக் கொட்டினார்கள்.

நாங்கள் போனபோது அவன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இடது கன்னம் சிவந்திருந்தது. தரையில், நான் காலையில் மடித்துக் கொடுத்த சட்டைகள் கிடந்தன. ஒன்றின் மேல் செருப்புத் தடம். அண்ணனைப் பார்த்ததைவிட அந்தச் சட்டையைப் பார்த்ததும்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மேசைக்குப் பின்னால் அதிகாரி உட்கார்ந்திருந்தார். நாங்கள் யார் என்று கேட்கும் முன்பே எங்கள் அட்டைகளைக் கேட்டார். அம்மா மூன்றையும் நீட்டினாள். அண்ணனுடையதை எடுத்து, படத்தையும் அவனையும் பார்த்தார்.

“இதைக் காலையில வெச்சிருந்தா இந்நேரம் வீட்டுல இருந்திருப்பே.”

“காலையிலயும் நான் இதே ஆளுதான் சார்,” என்றான் அண்ணன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மடியில கனம் இல்லாதவனுக்கு வழியில என்ன பயம், கேட்டதும் காட்டவேண்டியதுதானே என்று அதிகாரி அவளிடம் நியாயம் கேட்டார். அவள் ஆமாம் சார், ஆமாம் சார் என்றாள். அட்டை இல்லாதது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த இரண்டுக்கும் என்ன பதில் என்று உறையை மேசையில் தட்டினார்.

நான் குறிப்பேட்டை வைத்தேன். தரையில் கிடந்த ஒரு சட்டையை எடுத்துக் கழுத்துப்பட்டியைத் திருப்பி 47 என்ற சிவப்பு நூலைக் காட்டினேன். உறையிலும் 47. குறிப்பேட்டில் 47க்கு எதிரே பேராசிரியரின் பெயர், வீட்டு எண், சனிக்கிழமை போட்ட துணிகளின் கணக்கு எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. வாயால் ஒரு வார்த்தையும் வரவில்லை. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன்.

“என்னம்மா, நம்பர், நூலு, குறியீடு... பெரிய கும்பல் மாதிரி இருக்கே,” என்றார் அதிகாரி. ஒல்லிக் காவலர் சிரித்தார். “இது பேசாதா?”

“பேசும் சார், ஆனா நல்ல நாள்லதான்,” என்றான் அண்ணன்.

அதற்கு அவனுக்கு இன்னொரு அறை விழுந்தது.

குறிப்பேட்டில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு அதிகாரி முதலில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். என் அட்டை என் கைப்பையில் பத்திரமாக இருக்கிறது, நான் யாரிடமும் கொடுக்கவில்லை, நோயாளி வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. அசல் அங்கே இருக்கிறது என்றால் இங்கே இருப்பது போலி. வழக்கு இப்போது திருட்டைவிடப் பெரிதாகிவிட்டது. அண்ணன் முதல்முறையாக வாயை மூடினான். அவன் என்னைப் பார்த்த பார்வை நான் பிறந்ததிலிருந்து பார்க்காதது.

அடுத்துக் கூப்பிட்டதும் பேராசிரியர் அரைமணி நேரத்தில் வந்தார். அவருக்கு நாற்காலி வந்தது. பின்னாலேயே தண்ணீர் வந்தது. அவர் எங்களைத் திரும்பிப் பார்க்காமல், நாலு நாளாக அட்டையைத் தேடி வீட்டையே புரட்டிப்போட்டதாகவும், அந்தக் கடை இப்படிப்பட்டது என்று தெரிந்திருந்தால் துணியே போட்டிருக்கமாட்டேன் என்றும் சொன்னார். இவனைத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார்.

“துணி கொண்டுவருவான், பாத்திருக்கேன். எடுத்தானா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அதிகாரி உறையிலிருந்து அட்டையை எடுத்தார். படத்தைப் பார்த்தார், பேராசிரியரின் முகத்தைப் பார்த்தார், இரண்டு கையாலும் நீட்டினார். அவ்வளவுதான். ஒரு விநாடி.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. 

“சார், இவர் இப்ப கார்டு இல்லாமதானே சார் வந்தாரு.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அதிகாரி என்ன என்றார்.

“நாலு நாளா இவர்கிட்ட கார்டு இல்ல. யாரும் நிறுத்தல. இப்பவும் நீங்க முகத்தைப் பாத்துட்டுக் குடுத்துட்டீங்க. எங்கண்ணனுக்கும் முகம் இருக்கு.”

பேராசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் எதுக்கும்மா எடுத்துட்டுப் போகணும்? காலையில நடக்கப் போறதுக்கா? அப்படி ஒரு சட்டமும் கிடையாதே.”

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது போல. தண்ணீரை எடுத்துக் குடித்தார்.  ஒல்லிக் காவலர் சன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார். அண்ணன் சிரிக்கவில்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். சிரித்திருந்தால் அன்றைக்கு அவன் வெளியே வந்திருக்கமாட்டான்.

அந்த நேரத்தில் டாக்டரம்மாவே திரும்பக் கூப்பிட்டார். கைப்பையில் அட்டை இல்லையாம். கோட்டில் வைத்தது இப்போதுதான் ஞாபகம் வந்ததாம். கோட்டில் கறை பண்ணுகிறார்கள், அட்டையை எடுக்கிறார்கள், அவர்களை நம்பி என்ன போடுவது என்று அங்கிருந்தே திட்டினார். ஆளை அனுப்பி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அந்தத் திட்டில்தான் திருட்டும் போலியும் இல்லாமல் போயின.

இத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பேராசிரியர் போனதும் அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதி, அண்ணன் முன் தள்ளினார். ‘அடையாள அட்டை இல்லாமல் சந்தேகப்படும்படி நடமாடினேன். அதிகாரிகளிடம் மரியாதைக் குறைவாகப் பேசினேன். எச்சரித்து அனுப்பப்பட்டேன்.’ கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்றார். இந்தத் தாள் எங்கே போகும் என்று அண்ணன் கேட்டான். எங்கேயும் போகாது, இங்கே கோப்பில் இருக்கும் என்றார் ஒல்லிக் காவலர்.

ஒரு வரி இருந்தால் வேலை கிடையாது. இதில் மூன்று வரி இருந்தன.

“போட்டுட்டு வாடா,” என்றாள் அம்மா. “உசுரோட வீடு வந்து சேரு. வேற வேலை இல்லாமலா போயிடும்?”

ஆறு மாதம் கழித்து ஓட்டப்போகிற பேருந்தைப் பற்றி இரவும் பகலும் பேசியவன், சரி என்று தலையாட்டினான். களைத்துவிட்டான். பேனாவை எடுத்தான். முதல் எழுத்தின் வளைவு தாளில் விழுவதற்கு முன்னால் நான் சொன்னேன்.

“போடாதண்ணா.”

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஊமை மாதிரி இருந்தது இதுக்குத்தானா என்றாள். அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சரி, போடவேண்டாம், உட்காருங்கள், போடுகிறவரைக்கும் மூன்று பேரும் உட்காருங்கள் என்றார்.

உட்கார்ந்தோம். மணி ஒன்றரை. அம்மாவின் ஷிப்ட் தொடங்கி அரைமணி ஆகியிருந்தது. அவள் யாரிடமும் இல்லாமல் சுவரைப் பார்த்துத் திட்டினாள். வாயால கெட்ட தவளை ஒண்ணுதான்னு நினைச்சேன், ரெண்டு இருக்கு என்றாள். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒருமுறை மட்டும், மிக மெதுவாக, “ஒரு ஊக்கு குத்த மாட்டியா நீ,” என்றான். நான் தரையில் கிடந்த சட்டைகளை எடுத்து மடித்தேன். மடித்ததை ஒல்லிக் காவலர் காலால் தள்ளினார். மறுபடி எடுத்து மடித்தேன். இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அதிகாரி அதே தாளை நீட்டினார். அண்ணன் என்னைப் பார்ப்பான், அம்மாவைப் பார்ப்பான், பிறகு தலையைக் குனிந்துகொள்வான்.

நாலு மணிக்கு அதிகாரிகள் மாறும் நேரம். உள்ளே இருக்கிற ஆட்களை எல்லாம் அடுத்தவரிடம் கணக்குக் காட்டி ஒப்படைக்கவேண்டும். ஒல்லிக் காவலர் பெரிய பதிவேட்டை விரித்து அண்ணனின் பெயரை எழுதப்போனார். எழுதுவதற்கு முன்னால், எந்தப் பிரிவில் எழுதுவது சார் என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. கட்டத்தை நிரப்பவேண்டியிருந்ததால் கேட்டார்.

அதிகாரி பதிவேட்டின் கட்டங்களைப் பார்த்தார். காவலர் பேனாவோடு காத்திருந்தார். அட்டை இல்லாமல் நடந்ததற்கு எழுத அந்தப் பதிவேட்டில் ஒரு பிரிவும் இல்லை என்பது அவர்கள் இருவருக்கும் காலையிலேயே தெரிந்திருக்கவேண்டும். மாலையில்தான் அதற்கு அவசியம் வந்தது.

“எந்திரிச்சுப் போங்க,” என்றார் அதிகாரி. வெள்ளைத்தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது அண்ணனைக் கூப்பிட்டார். “வேலைக்கு விசாரணைப் பேப்பர் வரணும்ல? இந்த மேசைக்குத்தான் வரும். பாத்துக்கறேன்.”

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லை என்றார்கள். கடையில் எனக்கு நாளையிலிருந்து வேலை இல்லை என்றார் கஞ்சி. ஸ்டேஷனுக்குக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போய்க் கடை பெயரைக் கெடுத்தவள் நான். அண்ணனைப் போகச் சொல்லவில்லை. அவனைப் போல இஸ்திரி போட அவருக்கு வேறு ஆள் இல்லை. அவனும் எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் கேட்பவன், அன்றைக்குக் கேட்கவில்லை.

விசாரணை அறிக்கை நாற்பத்தோரு நாள் கழித்துப் பணிமனைக்கு வந்தது. அந்த நாற்பத்தோரு நாளும் வீட்டில் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் சொல்லவில்லை, போடாததால் என்ன ஆகும் என்று அவர்களும் சொல்வதை நிறுத்தவில்லை. அறிக்கையில், ‘பதிவேட்டில் எதுவும் இல்லை’ என்று இருந்தது. வேறு எழுத ஸ்டேஷன் அதிகாரியால் முடியவில்லை. ஆனாலும் சும்மா விட மனம் வராமல் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘எதிர்த்துப் பேசும் சுபாவம் உள்ளவர்.’ பணிமனை எழுத்தர் அதைப் படித்துவிட்டு, பேருந்து ஓட்டுகிறவனுக்கு இது இல்லாவிட்டால்தான் கஷ்டம் என்று சொல்லி முத்திரை குத்தினாராம்.

அண்ணன் இப்போது தெற்குப் பக்கம் போகும் பேருந்தை ஓட்டுகிறான். முப்பத்தெட்டாவது கேள்வியை அவன் மறுபடி ஒப்பித்து நான் கேட்கவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாலும் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டுதான் போகிறான். கதவுவரை போனவன் நின்று, சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

போன வாரம் அம்மா தகரப்பெட்டியைத் திறந்து என் அட்டையையும் எடுத்து நீட்டினாள். எங்கே போனாலும் கையில் வைத்துக்கொள், உன் அண்ணனுக்கே புத்தி வந்துவிட்டது என்றாள். வேண்டாம் என்றேன்.

“ஏன், உனக்கும் கொம்பு முளைச்சிருச்சா?”

“எங்கயும் அப்படிச் சட்டம் இல்லம்மா.”

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். அம்மா அட்டையைப் பெட்டிக்குள் எறிந்து பூட்டினாள். நான் புதிதாகச் சேர்ந்த தையல்கடைக்கு வெறுங்கையோடு நடந்தேன்.